மீதிப் பாதி

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதிக்கொண்டு வந்தான். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 25 என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் 61-இல் 24 போக 43 என்றான். அதையும் அடித்தேன். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் பழைய 42-ஐயும் 17-ஐயுமே கொடுத்துப் பார்த்தேன். மறுபடியும் 35. அன்றைக்குக் கல்லூரியில் காலையிலிருந்து மாதிரித் தேர்வு. எனக்கு அடிக்கக்கூடத் தெம்பில்லை. "எப்படிடா போட்டே, சொல்லு" என்று கேட்டுவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டேன்.

நோட்டின் மேல் விரலை வைத்து அவன் சொன்னான். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு."

"ரெண்டுலேர்ந்துதானே ஏழு போகணும்? நீ ஏன் ஏழுலேர்ந்து ரெண்ட எடுத்தே?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க, சின்னதுலேர்ந்து பெருசக் கழிக்க முடியாதுன்னு. அதான் பெருசுலேர்ந்து சின்னதக் கழிச்சேன்."

சொன்னது நான்தான். கழித்தல் தொடங்கிய அன்றைக்கே நாலைந்து தடவை சொல்லியிருந்தேன். என் மூன்றாம் வகுப்பு டீச்சர் எனக்குச் சொன்ன வாக்கியம் அது. அவருக்கு அவருடைய டீச்சர் சொல்லியிருக்கக்கூடும். கைமாறிக் கைமாறி வந்த அந்த வாக்கியத்தை எங்கள் எல்லாரையும்விட முழுசாக நம்பியவன் இந்தப் பையன். அவன் நோட்டைத் திரும்பப் புரட்டினேன். மூன்று நாள், பன்னிரண்டு கணக்கு. ஒன்றில்கூடக் கவனப் பிசகு இல்லை. நான் கொடுத்த விதியைப் பன்னிரண்டு இடத்திலும் மீறாமல் கடைப்பிடித்திருந்தான். பன்னிரண்டையும் நான் அடித்திருந்தேன்.

அந்த விதியே பொய் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. 2-இலிருந்து 7-ஐக் கழிக்கலாம். விடை குறை 5. அதை நான் நடுநிலைப் பள்ளியிலேயே படித்தாயிற்று. அப்போது நான் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு. குரூப் தியரி என்ன, ரியல் அனாலிசிஸ் என்ன, எல்லாவற்றிலும் நல்ல மார்க். அத்தனையும் தலைக்குள் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் அந்த மூன்றாம் வகுப்பு வாக்கியமும் அப்படியே இருந்திருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் பல வருஷம் குடியிருந்தும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஒரு எட்டு வயதுப் பையன் வந்து நடுவிலிருந்த கதவைத் திறந்துவிட்டான்.

இது நடந்தது 2022-இல், கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. ஒன்றாம் வகுப்பை முழுசாக முடிக்காமல் வீட்டுக்குப் போன குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த இடைவெளியை அடைப்பதற்காகத் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தை 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அந்தந்த ஊரிலேயே படித்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒருவருக்கு 20 பிள்ளைகள் வரை. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பிளஸ் டூ முடித்திருந்தால் போதுமாக இருந்தது. பஸ் பாஸ் போக மற்றச் செலவுக்கு ஆகும் என்றுதான் நான் பேர் கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பதில் கற்பதற்கு ஏதும் இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கொடுப்பது, குடத்திலிருந்து சொம்புக்கு ஊற்றுவது, அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன்.

மறுநாள் வழக்கப்படி 'கடன் வாங்கு'வதற்குப் போனேன். ஒன்றாம் இடத்தில் போதவில்லையென்றால் பக்கத்து வீட்டில், அதாவது பத்தாம் இடத்தில், ஒன்று கடன் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் கழித்தல் படித்த எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. வரிசையின் கடைசியில் உட்காரும் ஒரு பெண் கையைத் தூக்காமலே கேட்டாள்.

"எப்பக்கா திருப்பித் தரணும்?"

புரியாமல் பார்த்தேன்.

"கடன் வாங்குனோம்ல. எப்பத் திருப்பித் தரணும்?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை காலை குழுக் கடன் வசூலுக்கு ஆள் வருவார். அன்றைக்குத் தவணைப் பணம் சேராத வீட்டில் அடுப்பு மூட்டுவதற்குள் மூன்று வீட்டு வாசல் மிதித்தாக வேண்டும். கடன் என்ற சொல்லின் பாரம் முழுவதும் தெரிந்த பிள்ளை அவள். கணக்கில் மட்டும் வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஒன்று குறைந்து நிற்கிறான். வாங்கியவனிடமோ அந்த ஒன்று பத்தாகிவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அவள் கேள்வி.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த 'நாளைக்கு'தான் நான் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது என்று இப்போது தோன்றுகிறது. மாணவியாக இருந்த பதினைந்து வருஷத்தில் தெரியாது என்பதற்குத் தண்டனை கிடைத்தே பழக்கம். தெரியாது என்று சொல்லிவிட்டு அதைத் தேடிக்கொண்டு போகும் வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது மளிகைக் கடை ஞாபகம் வந்தது. பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துச் சில்லறை மாற்றினால் யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. பத்து பத்தாகவே இருக்கிறது, உருவம்தான் மாறுகிறது. 42 என்பது நாலு பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும். அதில் ஏழு ரூபாயைச் சில்லறையாகக் கொடுக்க வேண்டுமானால் ஒரு தாளை மாற்றிக்கொள்கிறோம். மூன்று தாள், பன்னிரண்டு காசு. மொத்தம் அதே 42. இடமதிப்பு என்பதன் உள்ளர்த்தம் இதுதான். பெயரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். பொருளை அன்றைக்குத்தான் பிடித்தேன்.

அட்டையில் தாள்களும் காசுகளும் வெட்டிக்கொண்டு போனேன். கடன் என்ற சொல்லை விட்டுவிட்டோம். 'சில்லறை மாத்து' என்றால் எல்லாருக்கும் விளங்கியது. அதற்குப் பிறகும் ஒருத்தி சில்லறை மாற்ற மறுத்தாள். "நாப்பதுல பத்து போனா முப்பது. ரெண்டுலேர்ந்து ஏழு போகணும்னா அஞ்சு பத்தாது. அந்த அஞ்ச முப்பதுலேர்ந்து எடுத்துக்கிட்டா இருபத்தஞ்சு" என்றாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. குறை எண் என்று பாடப்புத்தகம் பின்னால் கற்பிக்கப் போவது அவளுக்கு 'பத்தாது' என்ற வார்த்தையாக ஏற்கெனவே வீட்டில் கிடைத்திருந்தது.

பவணந்தி முனிவரின் நன்னூலை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த இலக்கண நூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் கேட்பது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்குதான் என்கிறார் பவணந்தி. கூடப் படிப்பவர்களோடு பழகி இன்னொரு கால். மீதிப் பாதி, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நமது பள்ளி, கல்லூரி, தேர்வு, பட்டம் எல்லாமே முதல் காலிலேயே முடிந்துவிடுகின்றன. இரண்டாவது காலைத் தேர்வு அறையில் காப்பி அடித்தல் என்று தண்டிக்கிறோம். அந்த மீதிப் பாதியை யாரும் பாடத்திட்டத்தில் சேர்ப்பதே இல்லை, ஆசிரியராகப் போகிறவர்களுக்குத் தவிர.

அந்தப் பாதியில் இருப்பது என்ன? படித்ததையே திரும்பச் சொல்வதால் மனத்தில் பதிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவம் அப்படியில்லை. எனக்குப் பதிந்திருந்தவை பெயர்ந்து விழுந்தன. மாணவியாக இருந்தபோது சரியான விடை எப்படி வந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. சொல்லித்தரும்போது தவறான விடைகளாக வந்து எதிரில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் போகும்போதுதான் என் சரியான விடைக்குக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை என்பது தெரிகிறது.

எங்கள் கும்பகோணத்திலேயே நடந்த கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1880-இல், 25 வயதில், உ. வே. சாமிநாதையர் காவிரிக் கரையிலிருந்த அரசுக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்; தமிழில் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும் என்று நம்புவதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். பெயரளவில் தெரிந்திருந்த நூல், படித்ததில்லை. முதலியார் அதன் பிரதியைக் கொடுத்துத் தமக்குப் பாடம் சொல்லக் கேட்டார். சாமிநாதையர் ஒப்புக்கொண்டார்.

படித்திராத நூலை ஒரு முன்சீப்புக்குப் பாடம் சொல்ல ஒப்புக்கொள்வதென்றால் என்னவென்று, குழந்தைகளுக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வந்த மேற்கோள்கள் எந்த நூலிலிருந்து வந்தவை என்று விளங்கவில்லை. சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. அவர் ஊரில் இருந்த ஜைனர்களைத் தேடிப் போனார்; அவர்கள் சிந்தாமணியைப் பரம்பரையாகப் படித்து வருகிறவர்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்து பாடம் சொன்னார். ஏழு வருஷம் கழித்து, 1887-இல், சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அதன் வழியே வந்தன. 1918-இல் நன்னூலை மயிலைநாதர் உரையோடு பதிப்பித்தவரும் அவர்தான். பாதியை எங்கே போய்ப் பெறுவது என்று பவணந்தி சொன்னதை அவரைவிட முழுசாக வாழ்ந்து பார்த்தவர் வேறு யார்? இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு தமிழறிஞருக்குச் சங்க நூல்களின் மேல் கண் திறந்த கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது, தெரியாததைச் சொல்லித்தர ஒப்புக்கொண்ட ஒரு 25 வயது வாத்தியாரின் கதை. அந்த ஒப்புதலில் இருந்த பயத்தை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்குப் பிரியம் கூடுகிறது.

எங்கள் வகுப்புக்குத் திரும்புகிறேன். இனி சொல்லப்போவது எழுதக் கஷ்டமானது.

முதல் இரண்டு மாதம் வகுப்பை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடத்தினேன். நிழல் இருந்தது, விளக்கு இருந்தது, தரை வழவழப்பாக இருந்தது. ஊர்ப் பெரியவர்களே கொடுத்த இடம். 18 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். 12 பேர் வந்தார்கள். வராத ஆறு பேரைப் பற்றி 'சொன்னாலும் வராதுங்க, ஊர் சுத்துங்க' என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் பூர்த்தி செய்யும்போது ஆறு பேரின் முகவரியும் ஒரே தெருவாக இருப்பதைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவர்கள் அந்த மண்டபப் படியேறிய வழக்கமில்லை. ஏறக்கூடாது என்று எனக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. இருபது வருஷம் அந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு அது தெரியாது என்று எழுதினால் பொய். தெரிந்ததை நான் பார்க்கவில்லை.

பால்வாடி டீச்சரிடம் போய்க் கேட்டேன். சாயங்காலம் சாவியைக் கொடுத்தார். வகுப்பைப் பால்வாடித் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். ஆறு பேரும் வந்தார்கள். மண்டபத்துக்கு வந்த 12 பேரில் மூன்று பேர் நின்றுபோனார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்து மரியாதையாகப் பேசி, பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை. அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி இப்போது படிக்கும்போதெல்லாம் திண்ணையில் இல்லாதவர்களைத்தான் முதலில் தேடுகிறேன். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826-இல் தொகுத்த விவரத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய எண்தான். அதே கணக்கில் பெண் குழந்தைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாது. நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் எந்த எண்ணுக்குள் இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அதே திண்ணையிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய ஒரு யோசனையும் உண்டு. சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒரு நாள் போகும் வழியில், நம் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஆகாது என்றார்கள். பெல் அந்த வகுப்பை ஜான் ஃப்ரிஸ்கென் என்ற சுமார் எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் ஆகாது என்றதை அவன் செய்து காட்டினான். மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித்தரும் இந்த ஏற்பாட்டைப் பெல் 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை இது.

அங்கே போனதும் அது வேறாக மாறியது. ஒரே வாத்தியாரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை உட்காரவைக்கலாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சியாயிற்று. சிறுவர்கள் சிறுவர்களுக்கு வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், செலவு மிச்சமாயிற்று. 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லித்தந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. எங்களைப் போன்றவர்கள் பள்ளி ஆசிரியருக்கு மாற்று ஆகமாட்டோம், ஆக்கவும் கூடாது. அந்தப் பையனின் 35-க்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. நல்ல பயிற்சியும் அனுபவமும் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்திருப்பார். அந்த மூன்று நாள் சிவப்பு மை ஒரு குழந்தை கொடுத்த விலை. என் கல்விக்கு அவன் கட்டணம் கட்டினான்.

பவணந்தியிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. ஆசிரியராகத் தகாதவர்களுக்கு அவர் சொல்லும் உவமைகளை அப்படியே ஏற்கிறேன். கழற்காய் போட்டுவைத்த குடம், போட்ட வரிசையில் திருப்பித் தராமல் முன்னும் பின்னுமாகக் கொட்டும். பாடம் சொல்லித்தந்த முதல் மாதம் நான் அந்தக் குடமாகத்தான் இருந்தேன். ஆனால் அவர் மாணவர்களையும் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் ஒரு பக்கம், ஓட்டைக் குடமும் எருமையும் இன்னொரு பக்கம். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை ஓட்டைக் குடம் என்றே நானும் முடிவுகட்டியிருந்தேன். இன்றைக்குச் சொன்னது நாளைக்கு இருக்காது. உட்கார்ந்தபடியே தூங்குவான். ஒரு விடுமுறை நாளில் விடியற்காலை பஸ்ஸுக்குப் போகும்போது அவனைப் பார்த்தேன். தாத்தாவோடு பூக்கொல்லையில் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தான். முதல் பஸ்ஸுக்குப் பூவை ஏற்ற வேண்டுமாம். தினமும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறான். பறித்த பூவை எண்ணாமல் கைப்பிடியிலேயே அளந்து கூறுகட்டினான். தாத்தா எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. அந்தக் குடத்தில் ஓட்டை இல்லை. நான் ஊற்றிய நேரத்தில் அது சாய்ந்து கிடந்தது.

பிறகு அவனுக்கு மட்டும் முதல் கால்மணி நேரத்தில் பாடத்தை முடித்துவிடுவேன். மீதி நேரம் தூங்கட்டும் என்று பாய் விரித்தேன். இதைப் பார்வையிட வந்தவர்களிடம் விளக்கச் சிரமப்பட்டேன்.

கல்லூரி முடித்து பி.எட். சேர்ந்தேன். 2015-லிருந்து அது இரண்டு வருஷப் படிப்பு. இரண்டாம் வருஷம் 16 வாரம் ஒரு பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் நிறையவே கிடைத்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் நோட்டு நோட்டாக எழுதிய பாடத்திட்டத்தில் எதிர்பார்க்கும் விடை என்று ஒரு பத்தி உண்டு. கேள்விக்கு நேராக அதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பின் பெஞ்சில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் நாளில், அந்த விடையைச் சொல்லக்கூடிய பிள்ளையைத்தான் எழுப்புவோம். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். வகுப்பு பிசிறில்லாமல் ஓடும். முதலில் கை தூக்கும் பிள்ளை நமக்கு உதவி செய்வதாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளையின் உயர்ந்த கைக்குப் பின்னால் இருபது முப்பது பேர் மறைந்துபோகிறார்கள். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும் பழக்கத்தைப் பால்வாடித் தாழ்வாரத்தில்தான் கற்றேன். ஏழாவது எட்டாவது எண்ணில்தான் கடைசி வரிசைக்காரி வாயைத் திறப்பாள், 'எப்பத் திருப்பித் தரணும்' என்று.

அந்த நாட்களில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பிள்ளைகளின் தவறான விடைகளுக்கு மட்டும். விடை, தேதி, அதற்குக் கீழே, எப்படிப் போட்டாய் என்று கேட்டபோது சொன்ன பதில். 35-உம் 43-உம் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அரை என்பதும் கால் என்பதும் எழுத்தில் வந்தபோது, 4 பெரிசு என்பதால் நாலில் ஒன்றுதான் இரண்டில் ஒன்றைவிடப் பெரிது என்று ஐந்து பேர் சொன்னது இருக்கிறது. பூஜ்யத்தைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது என்றது இருக்கிறது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கீழே காரணம் எழுதியிருக்கிறேன். சிலவற்றின் காரணத்தைப் படித்தால் விடையைவிட அழகாக இருக்கும்.

ஒரே ஒரு பக்கத்தில் காரணம் எழுதவில்லை. பால்வாடிக்கு மாற்றிய பிறகு வந்த ஆறு பேரில் ஒருவன், இரண்டாம் வகுப்பு. 64-இல் 38 போக 47 என்று எழுதியிருந்தான். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது, பிள்ளைகளை அவசரமாக அனுப்பினேன், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விடையை மட்டும் எழுதிவைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அப்பா அம்மாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, விடியற்காலையே குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது.

எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 8-இல் 4 போனால் 4, அது தெரிகிறது. ஆனால் அந்த 4 பத்தாம் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வலமிருந்து இடமாக எழுத வேண்டியதை இடமிருந்து எழுதினானா? அப்படியென்றால் 7 எங்கிருந்து வந்தது? 6-இல் 3 போனால் 3 அல்லவா? அந்த 3-ஓடு முன்னால் வந்த 4-ஐக் கூட்டினானா? ஏன் கூட்டினான்? கூட்டச் சொல்லி நான் ஏதாவது சொன்னேனா?